லயனல் வீட்டுக்குள்ள ஓடுற எல்லை

சனிக்கிழமை காலையில எட்டு மணி ஆகுறதுக்குள்ள லயனல் கஸார்ட் மூணு தடவை டீ போட்டாரு. ஒண்ணையும் குடிக்கல. கையில அளவு நாடாவை வச்சுக்கிட்டு கணப்புக்கு முன்னாடி குந்துறாரு, அளக்குறாரு, எந்திரிச்சு ஜன்னல் வரைக்கும் நடக்குறாரு, திரும்பி வந்து மறுபடியும் குந்துறாரு. அளவு என்னமோ மாறவே இல்ல. நாலடி பத்து அங்குலம்.

மறுநாள் எல்லை நடை. ஈஸ்டர் முடிஞ்சு அஞ்சாவது ஞாயிறு, வருசா வருசம் ஓசல்பரி பங்கு, அதாவது அந்த ஊர்க் கோயிலைச் சேந்த சனங்க ஆளுக்கொரு வில்லோ குச்சியோட ஆத்தங்கரையில கிளம்பி, பங்கோட எல்லையைச் சுத்தி வருவாங்க. எல்லைக் கம்பம், எல்லை மரம், எல்லைக் கல்லுன்னு எதைப் பாத்தாலும் குச்சியால நாலு போடு போட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாங்க. பக்கத்து பங்கு ஃப்ராம்வொர்த்தும் அன்னைக்கே கிளம்பும். ரெண்டு ஊரும் சந்திக்கிற இடம் லயனலோட சமையலறை.

ஏன்னா எல்லை அந்த வீட்டுக்கு நடுவுல போகுது. முந்நூறு வருசம் முன்னாடி அதைக் கட்டின ஆளு ஆத்து வெள்ளத்துக்குப் பயந்து மேடு எங்க இருக்குன்னு பாத்தானே தவிர, எல்லை எங்க இருக்குன்னு பாக்கல. அதனால ரெண்டு ஊர்க்காரங்களும் கிழக்கு ஜன்னல் வழியா ஏறி உள்ள வந்து, கணப்புக் கல்லுல வெட்டியிருக்கிற சிலுவையை அடிச்சுட்டு, மேக்கு ஜன்னல் வழியா வெளிய இறங்கணும். வாசக்கதவு தொறந்துதான் இருக்கும். அது வழியா வந்தா அது நடையில சேராது. தெக்குப் பக்கம், அதாவது வாசக்கதவு இருக்கிற பக்கம் ஓசல்பரி. வடக்குப் பக்கம் ஃப்ராம்வொர்த்.

லயனலுக்கு வயசு அம்பத்தேழு. முப்பது வருசமா ஓசல்பரி கோயில்ல மணி அடிக்கிறாரு. பொண்டாட்டி நெஸ்டா செத்து ரெண்டரை வருசம் ஆச்சு. கோயில் கல்லறைத் தோட்டத்துல, ஆத்தைப் பாத்த வரிசையில கடைசிக்கு முந்தின இடம் அவங்களுக்கு. கடைசி இடம் காலி. அங்க புல்லுதான் இருக்கு. லயனல் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தப் புல்லையும் சேத்துத்தான் வெட்டுவாரு.

மத்த ஊர்ல புருசனை ஆழமா வச்சு, அதே குழியில மேல பொண்டாட்டியை வைப்பாங்க. ஓசல்பரியில அது நடக்காது. நாலடி தோண்டினா தண்ணி வந்துரும். ஆளுக்கு ஒரு இடம் வேணும். இந்த மார்ச்சுல கோயில் கூட்டத்துல போதகரம்மா ஹிலரி எண்ணிச் சொன்னாங்க, மிச்சம் பதினோரு இடம். இனிமே பங்குக்குள்ள குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான், வெளியூருக்கு ஒண்ணு கூட கிடையாது, யாரும் வந்து என்கிட்ட கெஞ்சாதீங்கன்னு எழுதி கதவுல ஒட்டிட்டாங்க. எல்லை குறுக்க போற வீட்டுக்கு என்ன கணக்குன்னு பங்குப் புத்தகத்துலயே இருக்கு. தூங்கும்போது தலை எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பங்கு.

லயனல் மாடியில தூங்குறாரு. சமையலறைக்கு நேர் மேல. கணப்புக் கல்லுல இருக்கிற சிலுவையை வச்சுப் பாத்தா அந்தக் கட்டில் முழுக்க ஓசல்பரியில இருக்கு. அப்புறம் என்ன பதட்டம்?

பதட்டம் என்னன்னா, அந்தக் கல்லைத் திருப்பிப் போட்டதே லயனலும் நெஸ்டாவும்தான்.

இருபத்திநாலு வருசம் முன்னாடி தரையைப் பேத்து புதுசா போட்டாங்க. கணப்புக் கல்லு ஆறடி நீளம், தெக்கு வடக்கா கிடந்துச்சு. சிலுவை தெக்கு முனையில. அந்த முனை விரிசல் விட்டு அசிங்கமா இருந்துச்சு. "வர்றவங்க கண்ணுல முதல்ல இதுவா படணும்? திருப்பிப் போடு"ன்னு நெஸ்டா சொன்னாங்க. ரெண்டு கடப்பாரையை வச்சு மத்தியானம் பூரா நெம்பி திருப்பிட்டாங்க. நல்ல முனை வாசலைப் பாத்துச்சு, விரிசல் முனை வடக்க போயிருச்சு, அதுல இருந்த சிலுவையும் நாலடி பத்து அங்குலம் வடக்க. எல்லைன்னு ஒண்ணு இருக்குன்னு ரெண்டு பேருக்குமே அன்னைக்கு நெனப்பு வரல. அடுத்த மாசம் எல்லை நடைக்கு ஊரு வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. சனங்க ஜன்னல்ல இறங்கி, சிலுவை எங்கன்னு பாத்து, கொஞ்சம் கோணலா நடந்து போயி அதை அடிச்சுட்டு, மறுபடியும் கோணலா வந்து மேக்கு ஜன்னல் வழியா போயிட்டாங்க. ஒருத்தர் கூட கேக்கல.

நடையில ஒரு சடங்கு உண்டு. அண்டை வீட்டான் எல்லைக் குறியை நகத்துறவன் நாசமாப் போவான்னு வேதத்துல வர்ற சாபத்தைப் போதகர் வாசிப்பாரு, எல்லாரும் ஆமென் சொல்லணும். அப்புறம் வீட்டுக்காரரைப் பாத்து, "குறி இருந்த எடத்துல இருக்கா?"ன்னு கேப்பாரு. "இருந்த எடத்துல இருக்கு"ன்னு லயனல் சொல்லுவாரு. நெஸ்டா முழங்கையால விலாவுல ஒரு இடி இடிப்பாங்க. ரெண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியாது. இப்படியே வருசம் ஓடிருச்சு. நெஸ்டா போனதுக்கப்புறம் அந்த ஆமென் சரியா வர மாட்டேங்குது. போன வருசம் வாயை மட்டும் அசைச்சாரு.

இந்த வருசம் அதுக்கும் வழி இல்ல. வியாழக்கிழமை மதுக்கடையில டெஸ்மண்ட் கிளட்டர்பக் ஆரம்பிச்சுட்டாரு. டெஸ்மண்ட் ஃப்ராம்வொர்த்காரரு, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, ஒரு வேலையும் இல்லாம எல்லாத்தையும் அளந்துக்கிட்டுத் திரிவாரு.

"யோவ் லயனல், ஒரு சந்தேகம்யா. ஆத்தங்கரைக் கம்பத்துல இருந்து அந்தாண்ட ஆஷ் மரம் வரைக்கும் எல்லை நூல் பிடிச்ச மாதிரி போகுது. உன் சமையலறைக்குள்ள மட்டும் ஏன் வளையுது?"

"பழைய வீடு, வளைஞ்சுதான் இருக்கும்"ன்னு லயனல் சொன்னாரு.

"வீடு வளையட்டும்யா. எல்லை ஏன் வளையுது? பஸ்ஸுல அப்படி வளைச்சிருந்தேன்னா என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை கயிறு கொண்டு வர்றேன். பிடிச்சுப் பாத்துருவோம்."

கடையில எல்லாரும் சிரிச்சாங்க. ஓசல்பரி கோயில் நிர்வாகி பெரில் டிராட்மன், எழுபது வயசு, கிளாஸை மேசையில டக்குன்னு வச்சாங்க. "உன் கயித்தை நீயே கட்டிக்கிட்டு ஆத்துல குதி டெஸ்மண்ட். கல்லுதான் சாட்சி. கல்லு இருந்த எடத்துல இருக்குன்னு வீட்டுக்காரன் சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. உங்க ஊர்ல நூறு கயிறு இருந்தாலும் செல்லாது."

அதுதான் பிரச்சினை. கயிறு செல்லாது, லயனல் வார்த்தை செல்லும். வழக்கம்போல இருந்தாலே போதும். ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா நெஸ்டா பக்கத்துல இடம் நிச்சயம். உண்மையைச் சொன்னா எல்லை நாலடி பத்து அங்குலம் தெக்க வந்துரும், மாடிக் கட்டில் ஃப்ராம்வொர்த்துக்குப் போயிரும், கட்டில்ல படுக்கிற ஆளும்தான். அந்த ஊரு கல்லறை மலைச்சரிவுல ரெண்டு மைல் தள்ளி இருக்கு. அங்கிருந்து ஆறே தெரியாது.

இன்னொரு பயமும் அரிச்சுது. அப்ப நெஸ்டா? அவங்க தலையும் அதே கட்டில்லதானே இருந்துச்சு? அவங்களைப் புதைச்ச இடமும் தப்புன்னு யாராவது சொல்லிட்டா?

சனிக்கிழமை ஒம்பது மணிக்கு அளவு நாடாவைத் தூக்கிப் போட்டுட்டு மாடிக்கு ஏறினாரு. மாடியில தெக்குப் பக்கம் படிக்கட்டு, கட்டிலை அங்க நகத்த எடமில்ல. கீழ சமையலறையில தெக்குச் சுவர்ல இருந்து உண்மையான எல்லை வரைக்கும் அஞ்சடி அகலம் இருக்கு. கிழக்கு ஜன்னலுக்குக் கீழ, தெக்குச் சுவர்ல தலை வச்ச மாதிரி ஒரு கட்டில் போட்டா தலை ஓசல்பரியில இருக்கும். நாளைக்கு என்ன சொல்லப் போறோம்னு இன்னும் முடிவு பண்ணல. ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது.

பெரிய கட்டிலோட மெத்தையை இழுத்துட்டு வந்து படியில விட்டாரு. பாதி வழியில மாட்டிக்கிச்சு. மேலயும் வரல, கீழயும் போகல. அவரு மெத்தைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்கிறப்ப பெரில் வாசல் வழியா வந்தாங்க, கக்கத்துல ஒரு கட்டு வில்லோ குச்சி.

"லயனல்! எங்கப்பா இருக்க?"

"இங்கதான்."

"மெத்தை பேசுது. ஏம்பா, எல்லை நடைக்கு மொத நாள் வீட்டை சுத்தம் பண்ணுன்னுதான் சொன்னேன், காலி பண்ணச் சொல்லலையே?"

"மாடியில ஈரம் அடிக்குது. கீழ படுக்கலாம்னு..."

"மே மாசத்துல ஈரமா? நெஸ்டா இருந்தா இந்நேரம் உன்னைப் படியில உருட்டி விட்டிருப்பா." பெரில் மெத்தையை ஒரு குத்து குத்திப் பாத்தாங்க. "இது வராது. வந்தாலும் கட்டில் வராது, அதை மாடியிலயே வச்சு மாட்டியிருப்பீங்க. பின்னாடி ரூம்ல ஒரு இரும்புக் கட்டில் கிடக்குமே, அதை எடுத்துப் போடு. ஒரு ஆளுக்கு அது போதாதா?"

சொல்லிட்டு அவங்களே நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. குச்சிக் கட்டை மேசையில வச்சுட்டு, கேக் வாங்கிட்டியா, சைடர் எத்தனை பாட்டில்னு கேட்டுட்டு, வாசல் வரைக்கும் போயி திரும்பினாங்க.

"டெஸ்மண்ட் உளறினதைப் போட்டுக் குழப்பிக்கிறியா?"

"இல்ல பெரில்."

"குழப்பிக்காத. கல்லு நம்ம பக்கம் இருக்கு."

அவங்க போனதும் லயனல் மெத்தையை மேல தள்ளி ஏத்தி, பெரிய கட்டில்ல மறுபடியும் விரிச்சாரு. இரும்புக் கட்டிலைக் கீழ கொண்டு வந்து ஜன்னலுக்கு அடியில போட்டாரு. பாத்தாரு. திருடன் ஒளிச்சு வச்ச சாமான் மாதிரி இருந்துச்சு. மத்தியானம் அதைத் திரும்ப மாடிக்குத் தூக்கிட்டுப் போனாரு. மூணு மணிக்கு மறுபடியும் கீழ. நாலரைக்கு கல்லறைக்குப் போயி புல்லு வெட்டினாரு, போன வாரந்தான் வெட்டியிருந்தாரு, வெட்ட அங்க ஒண்ணுமே இல்ல. வீட்டுக்கு வந்து இரும்புக் கட்டில்ல உக்காந்து பாத்தாரு, கிரீச்சுன்னு ஒரு சத்தம். அங்கேயே விட்டுட்டாரு.

ஞாயித்துக்கிழமை பதினொன்ற மணிக்கு சத்தம் கேட்டுச்சு. ஓசல்பரி சனம் நாப்பது பேரு ஆத்தங்கரையில இருந்து மேடேறி வந்தாங்க. இன்னொரு பக்கம் ஃப்ராம்வொர்த்ல இருந்து இருபத்தஞ்சு பேரு. ஜன்னலுக்கு வெளியவே வாய்ச்சண்டை ஆரம்பிச்சாச்சு. யாரு மொதல்ல ஏறுறதுன்னு வருசா வருசம் நடக்குற சண்டை.

"தள்ளுங்க தள்ளுங்க, ஃப்ராம்வொர்த்காரங்க காலைக் கழுவிட்டு வாங்க!"

"நாங்க கழுவிட்டுத்தான் வந்தோம், உங்க ஊரு ஆத்துலதான். அதான் சேறு!"

மொதல்ல ஏறினது பெரில். ஜன்னல் கட்டையில உக்காந்து காலை உள்ள விட்டவங்க நேரா கட்டில்ல இறங்கினாங்க. ஸ்பிரிங்கு அவங்களை ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. "அட கர்த்தாவே!"ன்னு கத்தினாங்க. அப்புறம் வந்தவங்க ஒவ்வொருத்தரா கட்டில்ல குதிச்சு குதிச்சு இறங்கினாங்க. சிலபேரு வேணும்னே ரெண்டு தடவை குதிச்சாங்க. லயனல் கணப்புக்குப் பக்கத்துல நின்னு தொப்பியைக் கையில வச்சு கசக்கிக்கிட்டே இருந்தாரு. நிக்கவும் முடியல. ஒரு காலை மாத்தி ஒரு கால்ல நின்னாரு.

டெஸ்மண்ட் கடைசியா வந்தாரு, தோள்ல கயித்துச் சுருள். கட்டில்ல நின்னுக்கிட்டே சொன்னாரு, "கயித்தோட ஒரு முனை ஆத்துக் கம்பத்துல கட்டியிருக்கேன். இந்த முனையை ஆஷ் மரத்துக்குக் கொண்டு போறேன். எல்லாரும் ஓரமா நில்லுங்க."

மேக்கு ஜன்னல் வழியா இறங்கி மரத்துல கட்டிட்டு வந்தாரு. கயிறு ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல விறைப்பா நின்னுச்சு. சிலுவைக்கு மேல இல்ல. அதுக்குத் தெக்க, கிட்டத்தட்ட அஞ்சடி தள்ளி, கணப்புக் கல்லோட நல்ல முனைக்கு மேல.

"பாத்தீங்களா?"ன்னாரு டெஸ்மண்ட்.

"பாத்தோம்"ன்னாங்க பெரில். "காத்துல கயிறு ஆடுது. கல்லு ஆடாது. போதகரம்மா, நீங்க வாசிங்க."

போதகரம்மா ஹிலரி மழைக்கோட்டுப் பையில இருந்து புத்தகத்தை எடுத்து அந்தச் சாபத்தை வாசிச்சாங்க. அறுபத்தஞ்சு பேரும் ஆமென் சொன்னாங்க. லயனல் சொல்லல. போதகரம்மா நிமிந்து பாத்தாங்க.

"வீட்டுக்காரரே, குறி இருந்த எடத்துல இருக்கா?"

பெரில் அவரைப் பாத்து தலையை ஆட்டினாங்க, சொல்லுப்பான்னு. லயனல் வாயைத் தொறந்தாரு. பல வருசமா சொன்ன வார்த்தை, தானா வந்துரும்னுதான் நெனச்சாரு. வரல.

"இல்ல"ன்னாரு.

யாரோ குச்சியைக் கீழ போட்டாங்க.

"கல்லைத் திருப்பினது நான்தான். இருபத்திநாலு வருசம் முன்னாடி தரை போட்டப்ப. விரிசல் தெரியக்கூடாதுன்னு. சிலுவை நாலடி பத்து அங்குலம் தெக்க, அந்த முனையில இருந்துச்சு. டெஸ்மண்டோட கயிறு எங்க இருக்கோ அங்க."

மொதல்ல யாருக்கும் புரியல. அப்புறம் ஒரேயடியா எல்லாரும் பேசினாங்க. பெரில் சத்தம்தான் எல்லாத்துக்கும் மேல கேட்டுச்சு. "இருபத்திநாலு வருசமா தப்பான எடத்தையா அடிச்சுக்கிட்டு இருந்தேன்? என் முட்டி போனது அந்தக் கல்லுகிட்ட குனிஞ்சுதான்யா!"

"நாலடி பத்து அங்குலம்!" டெஸ்மண்டுக்கு நெஞ்சு விரிஞ்சு போச்சு. கயித்தைத் தடவிக்கிட்டே சொன்னாரு, "அஞ்சடி மண்ணை ஓசல்பரி திருடி வச்சிருந்திருக்கு. அப்ப லயனல் எங்க ஆளு! மாடிக் கட்டில் எங்க பங்குல. வாய்யா லயனல், எங்க கோயில்லயும் மணி இருக்கு, அடிக்க ஆளில்ல."

"அப்ப நெஸ்டா..."ன்னு பின்னாடி ஒரு குரல் இழுத்துச்சு.

போதகரம்மா திரும்பிப் பாத்த பார்வையில அந்தக் குரல் அடங்கிருச்சு. "நெஸ்டாவை நான் அடக்கம் பண்ணேன். என் கையெழுத்து இருக்கு. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது." அப்புறம் லயனல் பக்கம் வந்தாங்க. சத்தத்தைக் குறைச்சுக்கிட்டுத்தான் பேசினாங்க, இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டுச்சு. "லயனல், கதவுல நான் ஒட்டினது உங்களுக்கும் சேத்துத்தான். உங்களுக்காக மாத்தினா நாளைக்கு எத்தனை பேரு வருவாங்க தெரியுமா?"

"தெரியும்மா. அதான் கட்டிலைக் கீழ போட்டேன்"ன்னாரு லயனல். "தலை அந்தச் சுவர்ப் பக்கம் வரும். அது ஓசல்பரிதானே?"

எல்லாரும் கட்டிலைப் பாத்தாங்க. சேத்துக் காலடியா இருந்துச்சு. கயிறு அதோட கால்மாட்டுக்கு மேல குறுக்க போச்சு.

"படு"ன்னாங்க பெரில்.

"என்ன?"

"படுன்னா படுப்பா. பாக்கணும்ல."

லயனல் பூட்ஸைக் கழட்டிட்டு, கோட்டோட படுத்தாரு. கிரீச்சுன்னுச்சு. அறுபத்தஞ்சு பேரு சுத்தி நின்னு குனிஞ்சு பாத்தாங்க. கயிறு அவரு கெண்டைக்காலுக்கு மேல போச்சு. ரெண்டு பாதமும் அந்தப் பக்கம்.

"தலை நம்ம ஊரு"ன்னாங்க பெரில்.

"கால் எங்க ஊரு"ன்னாரு டெஸ்மண்ட். "இதெல்லாம் செல்லாது. நேத்து போட்ட கட்டில்! ஒரு நாள் படுத்தா ஊர் மாறிருமா? நானும்தான் ஒரு நாள் உங்க ஊரு வரப்புல விழுந்து தூங்கியிருக்கேன்."

"அதை நாங்களும் பாத்தோம்"னு யாரோ சொன்னாங்க.

பெரில் போதகரம்மாகிட்ட இருந்து பங்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாங்க, கண்ணாடியை ஏத்தி இறக்கி, பின்பக்கத்துல இருந்து முன்பக்கம் வரைக்கும். லயனல் எந்திரிக்கலாமா வேணாமான்னு தெரியாம படுத்தே கிடந்தாரு. மேல பாத்தா சமையலறை உத்தரம். அதுல இருக்கிற முடிச்சு ஒண்ணு ஒண்ணா எண்ண ஆரம்பிச்சாரு, எண்ணிக்கை தப்பிருச்சு.

"நாப்பது ராத்திரி"ன்னாங்க பெரில். "வேலைக்காரன் ஒருத்தன் எந்தப் பங்குன்னு ரெண்டு ஊருக்கும் சண்டை வந்திருக்கு. நாப்பது ராத்திரி தொடர்ந்து எங்க தலை வச்சானோ அந்தப் பங்குன்னு ரெண்டு ஊரும் கையெழுத்து போட்டிருக்கு. உங்க ஊரு ஆளுதான் எழுதியிருக்கான் டெஸ்மண்ட். பாரு."

டெஸ்மண்ட் புத்தகத்தை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. கயித்துல ஜெயிச்ச ஆளு, புத்தகத்துல தோக்க அவ்வளவு கஷ்டப்படல. "நாப்பதுன்னா நாப்பது. ஒண்ணு விட்டாலும் மொதல்ல இருந்து. நான் வந்து பாப்பேன்."

"வந்து பாரு."

போதகரம்மா அன்னைக்குத் தேதியைப் போட்டு எழுதினாங்க, எல்லை கயிறு போற எடத்துலதான்னு, லயனல் கஸார்ட் இன்னையில இருந்து இங்க படுக்கிறாருன்னு. டெஸ்மண்ட் ஃப்ராம்வொர்த்துக்காக கையெழுத்து போட்டாரு. புத்தகத்தை மூடினப்ப போதகரம்மா சொன்னாங்க, "நாப்பது நாளைக்கு தயவு செஞ்சு செத்துராதீங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. லயனல் சிரிக்கல, அவரு அதை நிஜமாவே ஒரு வேலையா எடுத்துக்கிட்டாரு.

ஜன்னலுக்கு அடியில காத்து வருது. இரும்புக் கட்டில் குட்டை, பாதம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. வாசக்கதவுக்குக் கீழ ஆத்து ஈரம் நுழையுது. முதல் வாரம் அவரு சரியா தூங்கவே இல்ல, ஆனா காலையில ஏழு மணி வரைக்கும் தலையை மட்டும் தலையணையில இருந்து எடுக்கல. இருமல் வந்தா பயம். ஏணியில ஏற பயம். மணி அடிக்கப் போனா கோபுரப் படியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறினாரு. இத்தனை வருசத்துல அப்படி ஏறினதே இல்ல.

பத்தாவது நாள் காலையில ஆறு மணிக்கு ஜன்னல்ல யாரோ தட்டினாங்க. டெஸ்மண்ட். சைக்கிளை வேலியில சாத்திட்டு, கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. லயனல் படுத்த மேனிக்கே ஜன்னலைத் தொறந்தாரு.

"உயிரோட இருக்கியான்னு பாக்க வந்தியா?"

"இல்லய்யா, தலை எங்க இருக்குன்னு." டெஸ்மண்ட் எட்டிப் பாத்தாரு, தலையை, சுவரை, அப்புறம் போர்வைக்கு வெளிய இருந்த ரெண்டு பாதத்தை. "ராத்திரி மழை பெய்ஞ்சுச்சே. ஒழுகல?"

"ஜன்னல் ஓரமா ஒழுகிச்சு. காதுல விழுந்துச்சு."

"எந்திரிச்சுட்டியா?"

"எந்திரிக்கல."

டெஸ்மண்ட் சட்டைப் பையில இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, நாக்குல பென்சிலை வச்சு நனைச்சு, ஒரு கோடு போட்டாரு. "பத்து"ன்னாரு. கிளம்பப் போனவரு நின்னு, தோள்ல இருந்த பையில கையை விட்டு ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்து ஜன்னல் வழியா கட்டிலோட கால்மாட்டுல போட்டாரு.

"அது எங்க பங்குல இருக்கிற கால். குளிர்ல விட்டா ஊருக்குத்தான் கெட்ட பேரு"ன்னு சொல்லிட்டு சைக்கிள்ல ஏறினாரு.

லயனல் தலையைத் தூக்காம ஒரு காலால அந்தக் காலுறையைத் துழாவினாரு. எட்டல. ஏழு மணி வரைக்கும் துழாவிக்கிட்டே படுத்திருந்தாரு.